ஆமைக்குப் புண் பட்டால்: முதல் நாளிலிருந்து மறுபடி தண்ணீரில் விடும்வரை

எங்கள் வீட்டில் இரண்டு செங்காது ஆமைகள். பெரியதன் பெயர் உருண்டை, சின்னது கடலை. போன நவம்பரில் ஒரு காலை, உருண்டை கடலையின் பின்னங்காலைக் கவ்விக்கொண்டு விடாமல் இருந்தது. பிரித்து எடுத்துப் பார்த்தால், தொடை உடம்போடு சேரும் இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தோல் பிய்ந்து சதை தெரிந்தது.

பிள்ளைகள் சைக்கிளிலிருந்து விழுந்தால் என்ன செய்வேனோ அதையே செய்தேன். வீட்டில் இருந்த கிருமிநாசினியை ஊற்றித் துடைத்தேன், மஞ்சளைக் குழைத்துப் பூசினேன், பழையபடி தொட்டியில் விட்டேன். ஒரு வாரத்தில் பக்கு கட்டியது. கட்டிய பக்கு பழுப்பாக அசிங்கமாக இருக்கிறதே என்று உரித்தேன். பன்னிரண்டாம் நாள் நாற்றம் வந்தது. அவசரத்துக்குப் போன ஒரு கிளினிக்கில் நாய்க்கு எழுதுகிற மாதிரியே சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அதில் ஒரு மருந்து ஆமையைக் கொல்லக்கூடியது என்பது, நல்லவேளையாக, கொடுப்பதற்கு முன்பே தெரியவந்தது.

அந்தப் புண் முழுதாக மூட 14 வாரம் ஆனது. அதில் முதல் மூன்று வாரம் என் கைங்கரியம். நீங்கள் அந்த மூன்று வாரத்தையாவது மிச்சப்படுத்துங்கள். மருந்தின் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்; அதை நான் எழுதப்போவதில்லை. மற்றதெல்லாம் வீட்டில் நம் கையில் இருப்பவை.

1. முதல் அரை மணி நேரம்

கடித்த ஆமையையும் கடிபட்ட ஆமையையும் உடனே பிரியுங்கள். "பாவம், தனியாக இருக்குமே" என்று யோசிக்க வேண்டாம். ஆமைக்குத் துணை தேவையில்லை. தண்ணீரில் ரத்த வாடை இருந்தால் மற்றது மறுபடி கடிக்கும்.

ரத்தம் வந்தால் சுத்தமான காஸ் துணியை வைத்து ஐந்து முதல் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் நடுவில் எடுத்துப் பார்க்காதீர்கள். ரத்தம் நின்றதும் மருந்துக் கடையில் கிடைக்கும் நார்மல் சலைனை 20 மில்லி சிரிஞ்சில் எடுத்து (ஊசி இல்லாமல்) புண்ணின் மேல் பீய்ச்சிக் கழுவுங்கள். சலைன் இல்லையென்றால் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் போதும். தேய்க்க வேண்டாம், பீய்ச்சினால் போதும்.

போடக்கூடாதவை: ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, வீட்டுக் கிருமிநாசினி, மாட்டுப் புண்ணுக்கு ஊற்றும் டர்பெண்டைன், நாய்க்கு அடிக்கும் ஸ்பிரே. இவை கிருமியோடு சேர்த்து, புண்ணை மூட வரும் புதுத் தோலையும் அரித்துவிடும். மரத்துப்போகச் செய்யும் வலி நிவாரணி கலந்த களிம்பும் வேண்டாம். மஞ்சளைப் பற்றிக் கேட்பீர்கள். மஞ்சளின் குணத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் குழைத்து அப்பினால் புண் சிவக்கிறதா, கறுக்கிறதா என்று எதுவுமே தெரியாது. எனக்குத் தொற்று ஏறியது பன்னிரண்டு நாள் தெரியாமல் போனதற்கு அந்த மஞ்சள்தான் காரணம்.

கழுவிய கையோடு ஒரு படம் எடுத்துவிடுங்கள். பக்கத்தில் ஸ்கேலோ ஒரு ரூபாய்க் காசோ இருக்கட்டும். அப்புறம் சுத்தமான துண்டு விரித்த பிளாஸ்டிக் டப்பில் ஆமையை வைத்து, மேலே கொசுவலைத் துணியைக் கட்டுங்கள். கொசுவுக்காக அல்ல, ஈக்காக. நம் ஊர் வெக்கையில் திறந்த புண்ணில் ஈ முட்டையிட ஒரு மதியம் போதும். பால்கனியில், மொட்டை மாடியில் வைக்கவே வைக்காதீர்கள்.

2. காத்திருக்கக் கூடாத நிலைகள்

ஓடு விரிசல் விட்டிருந்தால் அது "ஓடுதானே" என்று விடுகிற விஷயம் இல்லை. ஆமை ஓட்டின் மேலே நகம் போன்ற தகடு, அதற்குக் கீழே உயிருள்ள எலும்பு. முதுகு ஓட்டுக்கு நேர் கீழே நுரையீரல். விரிசலில் நுரையோ குமிழியோ வந்தால் காற்று வெளியேறுகிறது என்று பொருள். பசையோ எம்-சீலோ வைத்து அடைக்காதீர்கள்; உள்ளே போன கிருமியையும் சேர்த்து அடைத்துவிடுவீர்கள். சலைனில் நனைத்த காஸை மேலே வைத்துக்கொண்டு நேராக மருத்துவரிடம் போங்கள்.

நாய் கடித்தது, எலும்பு தெரிவது, பத்து நிமிடம் அழுத்தியும் ரத்தம் நிற்காதது, புண்ணில் புழு, துர்நாற்றம்: இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே போயாக வேண்டும். இன்னொன்று பலர் கவனிக்காதது. ஆமையைத் திருப்பி வயிற்று ஓட்டைப் பாருங்கள். தகடுகளுக்கு அடியில் இளஞ்சிவப்பு திட்டுத்திட்டாகப் படர்ந்திருந்தால், கிருமி ரத்தத்தில் கலந்திருக்கலாம். புண் சிறியதாகத்தான் இருக்கும், ஆமை சுருண்டு கிடக்கும். அதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது.

3. உங்கள் ஆமை எந்த ஆமை?

இதை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருந்தால் அது வட அமெரிக்காவிலிருந்து வந்த செங்காது ஆமை. கடையில் விற்பது பெரும்பாலும் அதுதான். ஓட்டில் நட்சத்திரக் கோடுகள் இருந்தால் நட்சத்திர ஆமை. தட்டையாக, மெத்தென்ற தோல் போன்ற ஓட்டோடு ஏரி, குளங்களில் கிடைப்பது பால் ஆமை. இவை இரண்டும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. வீட்டில் வைத்திருப்பதே குற்றம். "அடிபட்டுக் கிடந்தது, குணமாக்கி விட்டுவிடலாம்" என்று நல்ல மனதோடு எடுத்து வந்தாலும் மாதக்கணக்கில் வைத்திருக்க முடியாது. வனத்துறைக்குத் தகவல் சொல்லி ஒப்படையுங்கள். பேசிய நேரத்தைக் குறித்து, எடுத்த இடத்தின் படத்தையும் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். வலையில் அறுபட்டு ஒதுங்கியதைப் பார்த்தால் திரும்பக் கடலுக்குள் தள்ளாதீர்கள். தெம்பு இல்லாததால்தான் அது கரைக்கு வந்திருக்கிறது. நிழல் கட்டி, ஈரத்துணியை ஓட்டின் மேல் போட்டு, மூக்கை மட்டும் மூடாமல் விட்டு, வனத்துறைக்குப் போன் செய்யுங்கள்.

பச்சை இகுவானா, பந்து மலைப்பாம்பு போன்ற வெளிநாட்டு ஊர்வன வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு செய்த தாளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். மருத்துவமனைக்குப் போகும்போது அதன் நகல் ஒன்று பையில் இருக்கட்டும். சிகிச்சைக்கு நடுவில் தாளைத் தேடி வீட்டுக்கு ஓடுவது பெரிய தொல்லை.

4. மருத்துவரைப் பிடிப்பது, பையில் வைக்க வேண்டியவை

நேராகப் போய் நிற்காதீர்கள். முதலில் போனில் மூன்று கேள்வி கேளுங்கள். ஆமைகளைப் பார்த்திருக்கிறாரா? எக்ஸ்ரே வசதி உண்டா? அடுத்தடுத்த முறையும் அதே மருத்துவரே பார்ப்பாரா? மூன்றாவது கேள்வி சாதாரணமாகத் தோன்றும். மூன்று மாதம் ஆளாளுக்குப் பார்த்தால் ஒவ்வொருவரும் முதலிலிருந்து தொடங்குவார்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் முதலில் பக்கத்துக் கால்நடை மருத்துவக் கல்லூரியைக் கேட்டுப் பாருங்கள்.

எடுத்துப்போக வேண்டியவை: தேதி வரிசையில் புண்ணின் படங்கள், கிராமில் எடை, தொட்டித் தண்ணீரின் வெப்பநிலை, இதுவரை புண்ணில் போட்ட எல்லாவற்றின் பெயர் (வெட்கப்படாமல் மஞ்சளையும் சேர்த்து), கடைசியாகச் சாப்பிட்ட நாள், வாங்கிய ரசீது இருந்தால் அது. ஆமை நடக்கும், நீந்தும் வீடியோ ஒன்றும் இருக்கட்டும். மருத்துவமனை மேசையில் ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும், காலைத் தூக்குகிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

ஃபைலின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் இப்படி எழுதிவிடுங்கள்: ஆமைக்கு ஐவர்மெக்டின் கூடாது. நாய், மாடு, ஆடு எல்லாவற்றுக்கும் புழுவுக்கும் உண்ணிக்கும் சகஜமாகக் கொடுக்கும் மருந்து இது. ஆமைகளுக்கோ நரம்பைத் தாக்கி, உடம்பு துவண்டு, மூச்சு நின்று போகும். புண்ணில் புழு வைத்தால் முதலில் கை போவது இந்த மருந்துக்குத்தான். எனக்கு எழுதிக் கொடுத்ததும் இதைத்தான். புழுவை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, சலைனால் கழுவுவதே வழி. நேரம் பிடிக்கும், வயிற்றைப் புரட்டும், ஆனால் ஆமை பிழைக்கும்.

ஊசி போட்டால் முன்னங்காலில் போடுகிறாரா என்று பாருங்கள். ஊர்வனவற்றில் உடலின் பின்பாதி ரத்தம் சிறுநீரகம் வழியாகப் போகக்கூடும் என்பதால், மருத்துவர்கள் வழக்கமாக முன்பாதியில்தான் போடுவார்கள். இன்னொரு குழப்பம்: சில ஆன்டிபயாட்டிக் ஊசிகள் மூன்று நாளுக்கு ஒரு முறைதான். "தினமும் போடாமல் எப்படிக் குணமாகும்" என்று நான் சண்டைக்கே போனேன். ஆமையின் உடம்பு மருந்தை அவ்வளவு மெதுவாகத்தான் வெளியேற்றும். காலண்டரில் வட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், தினமும் என்றால் மறக்காது, மூன்று நாளுக்கு ஒரு முறை என்றால்தான் மறந்துபோகும்.

5. சூடு

இத்தனை செய்தும் இந்த ஒன்றைக் கோட்டை விட்டால் எல்லாம் வீண். நம் உடம்பு எந்தக் குளிரிலும் 37 டிகிரியை விடாது. ஆமை, பாம்பு, பல்லி எதற்கும் அந்த அடுப்பு உள்ளே கிடையாது. சுற்றியிருக்கும் சூடே அவற்றின் சூடு. உடம்பு குளிர்ந்தால் கிருமியோடு போராடும் வெள்ளணுக்களும் மந்தமாகும், தோல் செல்கள் பிரிவதும் மந்தமாகும், கொடுத்த மருந்தும் சரியாக வேலை செய்யாது. கிருமி மட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கடலையின் டப்பை முதலில் எங்கே வைத்தேன் தெரியுமா? படுக்கை அறையில். "காற்றோட்டமாக, ஈ வராமல் இருக்கட்டும்" என்று. ராத்திரி முழுக்க ஏசி 23-ல் ஓடும். புண் நாள்கணக்கில் அப்படியே கிடந்தது. மருத்துவர் முதலில் புண்ணைப் பார்க்கவில்லை, "எந்த அறையில் வைத்திருக்கிறீர்கள்" என்றுதான் கேட்டார்.

செங்காது ஆமைக்கு எனக்குச் சொன்ன அளவு: பகலில் டப்புக்குள் 29 முதல் 31 டிகிரி, இரவில் 26-க்குக் குறையக் கூடாது. மற்ற இனங்களுக்கு அளவு வேறு. அந்தந்த இனம் விரும்பும் வெப்பத்தின் மேல் வரம்பை ஒட்டி வைப்பதுதான் கணக்கு. சென்னை மார்கழி இரவில் 21 வரை இறங்கும், ஆகவே "நம் ஊரில் ஹீட்டர் எதற்கு" என்று நினைக்க வேண்டாம். டப்பின் ஒரு மூலைக்கு மேல் பல்பு, எதிர் மூலை சற்றுக் குளிர்ச்சி. வேண்டுமானால் நகர்ந்துகொள்ள இடம் இருக்க வேண்டும். இரண்டு மூலையிலும் ஒவ்வொரு தெர்மாமீட்டர். கையை வைத்துச் சூடு பார்க்கும் வேலை வேண்டாம். பல்பைத் தொடும் தூரத்தில் வைக்கவே கூடாது; ஊர்வன சூட்டிலிருந்து சட்டென்று விலகாது, சுட்டுப் புண்ணான பிறகும் அதிலேயே படுத்திருக்கும்.

வெயிலில் காட்டலாமா? காலை வெயிலில், பாதி நிழலோடு, நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் காட்டலாம். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால் அது அடுப்பில் ஏற்றிய பாத்திரம். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் சூடு வரும், யுவிபி என்ற புற ஊதாக் கதிர் வராது. அது கண்ணாடியைத் தாண்டாது. யுவிபி பல்பு வாங்கினால் தேதி எழுதி ஒட்டுங்கள். ஒளி எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் கதிர் மங்கிவிடும்.

6. தண்ணீரை விட்டு வெளியே

நீர் ஆமை என்றால் தண்ணீரில்தான் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். தொட்டித் தண்ணீர் என்பது ஆமையின் கழிவு கரைந்த தண்ணீர் என்பதை மறந்துவிட்டேன். திறந்த புண்ணை 24 மணி நேரமும் அதில் ஊறவைத்தால் எப்படி ஆறும்?

ஒரு நாளை நாங்கள் பிரித்துக்கொண்ட விதம் இது. காலையில் வேறொரு பேசினில், குளோரின் போன தண்ணீரை 27 டிகிரிக்கு ஆழம் குறைவாக ஊற்றி அதில் விடுவோம். செங்காது ஆமை தண்ணீரில் தலை முங்கினால்தான் விழுங்கும். தரையில் வைத்தால் பட்டினி கிடக்கும். அங்கேயே சாப்பாடு. சாப்பிட்டதும் மலம் கழிக்கும், அது வரை காத்திருங்கள். பிறகு சுத்தத் தண்ணீரில் அலசி, துண்டில் ஒற்றி, பத்து நிமிடம் உலரவிட்டு, மருந்து. உடனே டப்புக்கு. மாலையில் மறுபடி முக்கால் மணி நேரம் தண்ணீர், குடிப்பதற்கு. இந்த வரிசை மாறினால், அதாவது முதலில் மருந்து, அப்புறம் சாப்பாடு என்றால், மருந்து தண்ணீருக்குப் போகும், மலம் புண்ணுக்குப் போகும்.

எச்சரிக்கை: பால் ஆமை போன்ற மெத்தோட்டு ஆமைகளுக்கு இந்த வெளியே வைக்கும் முறை ஆகாது, தோல் வறண்டு வெடிக்கும். குட்டி ஆமைகளும் சீக்கிரம் வற்றிவிடும், அவற்றுக்கு இன்னும் அடிக்கடி தண்ணீர் காட்ட வேண்டும். கண் உள்ளே போவது, தோலைக் கிள்ளினால் மடிப்பு அப்படியே நிற்பது எல்லாம் வற்றிப்போனதன் அடையாளம்.

ஆமையைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அந்தப் பேசினைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். நோயே இல்லாத ஆமையிடமும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்க 1975-லேயே தடை போட்டதற்கு, குழந்தைகளுக்கு அந்தத் தொற்று வந்ததுதான் காரணம்.

7. மருந்து: குறைவாக

பொவிடோன் அயோடினை அப்படியே ஊற்றாதீர்கள். லேசான டீத்தண்ணி நிறம் வரும்வரை தண்ணீர் கலந்து, புண்ணின் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் விட்டு, சலைனால் கழுவுங்கள். மேலே சில்வர் சல்ஃபாடையசின், அதாவது தீக்காயத்துக்குப் போடும் வெள்ளை கிரீம், எனக்குச் சொன்னது அதுதான். மெல்லிய பூச்சு போதும். தோசைக்கு வெண்ணெய் மாதிரி அப்பினால் காற்று போகாமல் அடியில் ஊறிப்போகும்.

சீழைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நமக்குச் சீழ் ஒழுகும், பிதுக்கினால் வெளியே வரும். ஊர்வனவற்றின் வெள்ளணுக்களில் சீழைக் கரைத்து நீராக்கும் நொதிகள் போதாது. அதனால் சீழ் பன்னீர்க் கட்டி மாதிரி இறுகி, உருண்டையாக உள்ளேயே தங்கும். புண்ணுக்குப் பக்கத்தில், அல்லது காது இருக்கும் இடத்தில், கெட்டியான வீக்கம் தெரிந்தால் பிதுக்கிப் பயனில்லை, மாத்திரையும் அதற்குள் சரியாகப் போய்ச் சேராது. மருத்துவர் கீறி, சுரண்டி எடுக்க வேண்டும். கடலைக்கு ஒரு பட்டாணி அளவில் எடுத்தார்கள்.

வலிக்கு வீட்டு மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். ஆமை கத்தாது என்பதால் வலி இல்லை என்று அர்த்தமில்லை, மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். புண்ணைச் சுத்தம் செய்ய ஆமையை ஃபிரிட்ஜில் வைத்து மந்தமாக்கச் சொல்லும் பழைய யோசனை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அப்படிச் செய்தால் அசையாமல் இருக்கும், வலி அப்படியே இருக்கும். மேலே சூட்டைப் பற்றிச் சொன்னதற்கு நேர் எதிரான வேலையும் அது.

8. புண் எப்படி மூடுகிறது: காலண்டரை மாற்றுங்கள்

முதல் சில நாளில் புண்ணில் நிணநீர் கசிந்து, உறைந்து, மஞ்சளும் பழுப்புமாய்ப் பக்கு கட்டும். பார்க்க அழுக்கு மாதிரி இருக்கும். அதுதான் கூரை. கூரைக்கு அடியில் புண்ணின் ஓரத்துத் தோல் செல்கள் ஒற்றை வரிசையாக நடுவை நோக்கி நகரும். நகர்ந்து இரு பக்கமும் சந்தித்த பிறகுதான் அந்த வரிசை அடுக்கடுக்காகத் தடிக்கும். அதற்கும் கீழே நார்த்திசு மெல்ல நிரம்பும். நம் புண் ஓரங்கள் இழுத்துக்கொண்டு சுருங்கும்; ஆமைப் புண் அவ்வளவாகச் சுருங்காது, ஓரத்திலிருந்து ஊர்ந்துதான் மூட வேண்டும். நான் பக்கை உரித்தபோது, ஒரு வாரமாக ஊர்ந்து வந்த அந்த ஒற்றை வரிசையையும் சேர்த்து உரித்துவிட்டேன்.

பக்கு உலர்ந்து, ஓரத்தில் ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள். அடியில் ஈரம் கசிந்தால், நாற்றம் வந்தால், பச்சையோ கறுப்போ ஏறினால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்; எடுக்க வேண்டியிருந்தால் அவர் எடுப்பார்.

கடலையின் கணக்கு, சரியான சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து: மூன்றாம் வாரம் நாற்றம், சிவப்பு போயிற்று. ஆறாம் வாரம் பக்கின் ஓரம் தானாகத் தூக்கியது, அடியில் ரோஜா நிறத் தோல். எட்டாம் வாரம் பக்கு உதிர்ந்தது. பதினோராம் வாரம் புண் இருந்த இடம் வெளிறிய, செதில் இல்லாத, மழமழ தோலாக மூடியது. ஆழமில்லாத சிராய்ப்பு சில வாரங்களில் ஆறலாம், ஆழமான புண்ணுக்கு மாதங்கள் பிடிக்கும். ஓட்டு விரிசலுக்கு ஒரு வருடம், சில சமயம் இரண்டு வருடத்துக்கு மேலும் ஆகும். செதிலும் நிறமும் திரும்ப வராமலே போகலாம், அது குறையில்லை.

தையல் போட்டிருந்தால் இரண்டு விஷயம். நமக்கு ஏழு, பத்து நாளில் பிரிப்பார்கள். ஊர்வனவற்றுக்கு நான்கு முதல் ஆறு வாரம், சில நேரம் அதற்கும் மேல். தைத்த இடம் வரப்பு மாதிரி மேடாக நிற்கும். தப்பாகத் தைத்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். ஊர்வனவற்றின் தோல் ஓரம் உள்பக்கமாகச் சுருண்டுகொள்ளும், அப்படிச் சுருண்டால் ஒட்டாது. அதனால் வேண்டுமென்றே வெளியே திருப்பித் தைப்பார்கள்.

பாம்பும் பல்லி வகையும் வைத்திருப்பவர்களுக்கு: காயம்பட்ட பாம்பு வழக்கத்தைவிட அடிக்கடி சட்டை உரிக்கும். ஒவ்வொரு முறையும் வடு கொஞ்சம் தேறும். புண்ணின் மேல் பழைய சட்டை ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல் வெதுவெதுப்பான ஈரத்தில் ஊறவிடுங்கள். பல்லி வகைகளில் பல வாலை உதறிவிட்டு ஓடும். அந்த இடத்தைத் தைக்கக் கூடாது. உடையத் தயாராக இருக்கும் இடத்தில்தான் அது உடைகிறது, ரத்தமும் அதிகம் வராது, பெரும்பாலும் அதே இடத்தில் புது வால் முளைக்கும். ஆமைக்கு அந்த வசதி இல்லை. போன விரல் போனதுதான்.

9. சாப்பாடு, எடை

கடையில் டப்பாவில் விற்கும் காய்ந்த கூனிப்பூச்சியை மட்டும் போட்டு வளர்த்தால் வைட்டமின் ஏ குறையும். கண் வீங்கும், தோல் தடித்துப்போகும், காதில் அந்தப் பன்னீர்க் கட்டி வரும், புண்ணும் ஆறாது. முள் நீக்காத சின்ன மீன், மண்புழு, கீரை, துருவிய கேரட், நல்ல ஆமைத் தீவனம் என்று மாற்றிக் கொடுங்கள். வைட்டமின் ஏ ஊசியை நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். அளவு மீறினால் தோலே உரிந்து புதுப் புண்ணாகும். வாரம் ஒரு முறை, அதே நாள், சாப்பாட்டுக்கு முன் எடை பாருங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் போன் செய்யுங்கள்.

10. எனக்கு ஆன செலவு

மருத்துவர் கட்டணம் ஐந்து முறைக்கு 2,700 ரூபாய். எக்ஸ்ரே 900. ஊசி ஆறு, 1,500. சூட்டு பல்பும் ஹோல்டரும் 900. யுவிபி பல்பு 2,200. சமையலறைத் தராசு 350. இரண்டு தெர்மாமீட்டர் 400. சலைன், அயோடின், கிரீம், காஸ் மூன்று மாதத்துக்கு 850. ஆட்டோ 1,600. மொத்தம் 11,400. ஊருக்கு ஊர் மாறும், ஆனால் பாதிக்கு மேல் முதல் மூன்று வாரத்தில் கையை விட்டுப் போகும் என்பதைக் கணக்கில் வையுங்கள். பணம் நெருக்கடி என்றால் முதலில் சூட்டு பல்பையும் தெர்மாமீட்டரையும் வாங்குங்கள், யுவிபியை அடுத்த மாதம் பார்க்கலாம். ஆடம்பரமான பேண்டேஜ் எதையும் வாங்காதீர்கள், தொடை மடிப்பில் எதுவும் ஒட்டி நிற்காது. 480 ரூபாய் கொடுத்துத் தெரிந்துகொண்டது அது, மொத்தத்தில் சேர்க்கவில்லை.

நேரத்துக்கும் விலை உண்டு. தினம் காலையில் ஒன்றே கால் மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். வெளியூர்ப் பயணம் இருந்தால் யார் பார்த்துக்கொள்வது என்று முதல் வாரமே முடிவு செய்யுங்கள். பொங்கலுக்கு நாங்கள் ஊருக்குப் போகவில்லை.

11. மறுபடி தண்ணீரில்

பக்கு விழுந்த அன்றே தொட்டியில் விடத் தோன்றும். வேண்டாம். அடியில் இருப்பது மெல்லிய தோல். இரண்டு வாரமாவது கெட்டிப்படட்டும். மருத்துவர் சரி என்ற பிறகு முதல் வாரம் நாளுக்கு மூன்று மணி நேரம், அடுத்த வாரம் ஆறு மணி நேரம், பிறகு பகல் முழுக்க, கடைசியில் இரவும். ஒவ்வொரு கட்டத்திலும் தோல் வெளுத்து உப்பினால் ஒரு படி பின்னால் வாருங்கள். தொட்டியைக் கழுவி, கூரான கல்லை எடுத்துவிட்டு, ஃபில்டர் இழுக்கும் வாயில் வலை மாட்டி வையுங்கள்.

இரண்டு ஆமைகளை மறுபடி ஒன்றாக விடாதீர்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு விட்டுப் பார்த்தேன். நாலே நிமிடம். உருண்டை நேராக அதே காலை நோக்கிப் போனது. தொட்டிக்கு நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்தோம். அதன் வழியாகவும் பார்த்துக்கொண்டே முட்டியது. கடைசியில் தடுப்பில் கறுப்புத் தாள் ஒட்டினோம்.

வளர்க்க முடியவில்லை என்று எந்தச் செங்காது ஆமையையும் ஏரியிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடாதீர்கள். அங்கே இருக்கும் பால் ஆமையின் இடத்தையும் இரையையும் அது பிடுங்கிக்கொள்ளும். உருண்டைக்கு இப்போது தனித் தொட்டி, ஹாலின் அந்தப் பக்கம்.